பாறைமேல் உட்கார்ந்தவள்

அக். 30, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

வீட்டு ஜெபத்துக்கு வந்தவர்கள்: போதகர், அவர் சம்சாரம், சமாதானம் டீச்சர், எதிர்வீட்டு ரோஸி, என் மகள் எஸ்தர், நான். கூப்பிடாமல் விட்டது ஒருத்தனை. ஒன்பது வருஷமாக அவன் பேரை இந்த நோட்டில் எழுதுவதில்லை.

ஞாயிறு கல்லறைத் திருநாள். திண்டிவனம் கல்லறையில் வருஷத்துக்கு ஒரு குடும்பம் வேதம் வாசிக்கும். இந்த வருஷம் எங்கள் முறை. என் மகன் ஜெயசீலன் அங்கேதான் கிடக்கிறான். வாசிக்கச் சொல்லி வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் குறித்த சீட்டைப் போதகர் கொடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்தேன். ரிஸ்பாளைத்தான் வாசிப்பேன் என்றேன்.

"அது யாரு பெரியம்மா?" ரோஸி. டீச்சருக்கும் தெரியவில்லை.

சொன்னேன். தேசத்தில் பஞ்சம். பழைய பகைக்கு ஈடாக, தாவீது ராஜா, தனக்கு முன் ஆண்ட சவுல் வம்சத்தில் ஏழு பேரைப் பிடித்துக் கொடுத்தான். மலைமேல் தூக்கில் போட்டு அப்படியே விட்டார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் பெற்ற பிள்ளைகள். அவள் பாறைமேல் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். அறுப்புக் காலம் தொடங்கி மழை வரும்வரை. பறவையும் மிருகமும் அண்டாமல் விரட்டிக்கொண்டு. பாறை என்றால் எனக்குத் திண்டிவனத்துப் பக்கம் இருக்கிற பெருமுக்கல் மலைதான் கண்ணுக்கு வரும்.

"கல்லறையில போயி தூக்கு, பொணம்னு படிப்பாங்களாம்மா? ஜனங்களுக்கு ஆறுதல் வேணும். இதுல அன்பு எங்க இருக்கு?" போதகர்.

"பாறை மேல குந்திக்கினு இருக்குதுங்க ஐயா."

காபி ஆறிப்போனது.

அக். 31, வெள்ளி

மழை இல்லை. முழங்கால் வலி. மல்லாட்டை வறுத்தேன், கடலையெல்லாம் கருகிவிட்டது. யோசனை வேறெங்கோ.

எழுதிவிடுகிறேன். ஜெயசீலன் நிலக்காரர் வீட்டுப் பெண்ணை விரும்பினான். ஒன்பது வருஷம் முன்பு தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தான். ரயில் அடித்ததாம். முதுகில் தடித்தடியாகக் காயம். அது ரயில் போட்டதா? கொலை வழக்கு எழுதினால்தான் உடலை வாங்குவேன் என்று பிணவறைக்கு எதிரில் உரச்சாக்கு விரித்து உட்கார்ந்தேன். ஆறு நாள். நான் விரட்டினது காக்கையை இல்லை. "வாங்கிக்கம்மா, நாறிப்போவும்" என்று ஆள் மாற்றி ஆள் வந்தவர்களை.

ஏழாம் நாள் காலை குளிக்கப் போனேன். அரை மணி நேரம். திரும்பி வந்தால் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. ரத்த சம்பந்தம் என்று, நான் பேர் எழுதாத அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டான். வழக்கும் அதோடு போனது.

நான் அஞ்சாவது வரை. விரல் வைத்துத்தான் படிப்பேன். வேதத்தில் கொலை வருகிற அதிகாரம் என்றால் எல்லோரும் தாண்டிப் போவார்கள். நான் அங்கே நின்றேன். என்னை மாதிரி ஒருத்தியைக் கடவுள் எழுதி வைத்திருக்கிறார். பேரோடு.

நவ. 1, சனி

வாங்க: சாமந்தி, மெழுகுவத்தி, சுண்ணாம்பு, கால் தைலம்.

போதகர் போன். "ஏழு பேரத் தூக்குல போட்டதும்தான் கடவுள் கோபம் தணிஞ்சு தேசம் பொழச்சுது. அதப் படிச்சா தப்பா எடுத்துக்குவாங்கம்மா."

"இன்னொரு வாட்டி பாருங்க ஐயா. தூக்குல போட்டப்ப கடவுள் வாயே தொறக்கல. இந்தப் பொம்பள குந்தினு இருந்தது ராஜா காதுக்குப் போச்சு. அப்பதான் எலும்பப் பொறுக்கி அடக்கம் பண்ணான். அதுக்கப்பறம்தான் கடவுள் ஜெபத்தக் கேட்டாரு."

பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "பாக்குறேம்மா."

எஸ்தர்: "அம்மா, நாளைக்கு மாமா வர்றாராம். பேஜாரு பண்ணாத."

கல்லறை பொது இடம், வரட்டும் என்றேன்.

நவ. 2, ஞாயிறு

நல்ல வெயில். விழுப்புரம் வீட்டிலிருந்து பஸ்ஸில் பாதி தூரம் நின்றுகொண்டே வந்தோம். கல்லறைக்கு எஸ்தர் சுண்ணாம்பு அடித்தாள். புல் பிடுங்கினேன்.

போதகர் சீட்டைத் திருப்பிக் கேட்டார். "வேதத்துல நீங்க சொன்ன வரிசைதாம்மா இருக்கு. படிங்க."

படித்தேன். இரண்டு இடத்தில் விரல் தவறியது. யாரும் செருமவில்லை. முடிந்ததும் முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்து கையைப் பிடித்தாள். "எம் புள்ளையும் அப்படித்தான் போனான். அந்தம்மா பேரு என்னா சொன்னீங்க, இன்னொரு தபா சொல்லுங்க." சொன்னேன். அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே போனாள்.

அவன் வந்தான். தலை முழுக்க நரை. "அக்கா, உன்னையும் அடிச்சிப் போட்டிருப்பானுங்க. உன்னக் காப்பாத்தத்தான் கையெழுத்து போட்டேன்."

"ரிஸ்பாளுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. அதான் அவ கடைசி வரைக்கும் குந்திக்கினு இருந்தா."

அவன் போகவில்லை. மெழுகுவத்தி அணையாமல் உள்ளங்கையால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றான். பார்த்தேன். பார்த்ததால் ஒன்றும் மாறிவிடாது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ரயில் என்று எழுதிய போலீஸ்காரரை மன்னித்தேன். வாங்கிக்கோ என்று நச்சரித்தவர்களை மன்னித்தேன். அடித்தவர்கள் கடவுளுக்குப் பதில் சொல்லட்டும், அது என் வேலை இல்லை. ஒருத்தனை மட்டும் மாட்டேன். கடவுளே பேரை மறைக்காமல் எழுதும்போது நான் ஏன் மறைக்க?

என் தம்பி ஆரோன்.