கயிறு கொள்ளாத வீடு

ஸ்கெர்ன்பி, யார்க்‌ஷயர்
1956 மே 15

என் அன்பு மகன் வில்ஃபிரட்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உன் வாசலின் மேலும் வயலின் மேலும் மருமகள் பெர்த்தா, பிள்ளை மேலும் கர்த்தரின் கண் திறந்திருப்பதாக. நாங்கள் இருவரும் சுகம். ஈரக்காற்று அடித்தால் உன் அப்பாவின் முழங்கால் முணுமுணுக்கிறது, கூடவே அவரும்.

பெர்த்தா அனுப்பிய போட்டோ வந்தது. சுற்றிலும் கோதுமை, எந்தப் பக்கமும் விளிம்பே இல்லாத நிலம். அப்பா அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோ நிலத்த வச்சிக்கிட்டு என்னதான் பண்றாங்களோ!" என்றார். நீ கனடா போன இந்தப் பதினோரு வருடத்தில் உன்னைச் சேர்ந்த எதைப் பற்றியும் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

மார்ச் மாதப் புயலில் ப்ரூஸ்டர் வயலின் கடைசித் துண்டும் கடலுக்குள் போய்விட்டது. நம் வீட்டுப் பக்கம் ஒரு பிடி மண்கூட சரியவில்லை. மறுநாள் காலை கீழே கரையில் இறங்கிப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த வயலின் நடுவில் இருந்த கிணறு, சுற்றியிருந்த மண்ணெல்லாம் போய், மணல்மேல் புகைபோக்கி மாதிரி தனியாக நின்றது. மூன்று ஆள் உயரம். ஒரு செங்கல் பெயரவில்லை. அடிப்பக்கம் ஒரு இடுக்கில் தண்ணீர் கசிந்தது. நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர், வில்ஃப்! சுற்றிலும் இத்தனை உப்பு, நடுவில் அத்தனை தித்திப்பு. அங்கேயே முழங்கால் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு நெல் ஸ்டாதர்ஸ், "எந்திரி டார்கஸ், அலை வருது. ஜெபம் முடியறவரைக்கும் அது ஒண்ணும் காத்திருக்காது" என்று என் தோளைப் பிடித்து இழுத்தாள். மூன்றாம் நாள் கடல் பொங்கி ஏறியபோது கிணறு விழுந்தது.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரிந்த பழக்கந்தான். ஆனாலும் பெர்த்தாவுக்குப் படித்துக் காட்டுவாய் என்பதால் விவரமாக எழுதுகிறேன். இயேசு பரமேறின திருநாளுக்கு முந்தின திங்கட்கிழமை ஊரே தன் எல்லையைச் சுற்றி நடக்கும். கிழக்கே வந்ததும், நிலம் கடலுக்குள் சரியும் விளிம்பில் நிற்போம். பாதிரியார் கடலைப் பார்த்து, அது கொண்டுபோன இடங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஆட்டுச் சந்தைத் தெரு, பழைய ஆலை, பழைய செயிண்ட் ஹில்டா கோயில், அதன் கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு பெயருக்கும் ஊர், "அது கர்த்தருடையது" என்று பதில் சொல்லும். பிறகு ஊர்க்கயிற்றால் வீடுகளை அளப்பார்கள். வாசற்படிக்கும் விளிம்புக்கும் நடுவே நிலம் ஒரு முழுக் கயிறு கொள்ள வேண்டும். கொள்ளாவிட்டால் குளிர்காலத்துக்கு முன் அந்த வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அதற்கு அப்பீல் கிடையாது. கயிறு உன் அப்பா குடும்பத்தின் பொறுப்பு, ஐந்து தலைமுறையாக. அளவுப் புத்தகம் என் பொறுப்பு, கல்யாணமாகி வந்ததிலிருந்து.

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தை இதுவரை யாரும் படித்ததில்லை. கோழி கிளறின மாதிரி பழைய கையெழுத்து. நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. வேதாகமத்தை வைத்துச் சமையல் மேசையில் தானாக எழுத்துக் கூட்டியவள். ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாட்களில் ஒரு நோன்பு போல எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு வரியாகப் படித்தேன். 1786இல் எழுதியது. இப்போது நாம் போகும் கோயிலின் பலிபீடப் படியிலிருந்து மேற்கு வாசல்வரை வைத்து இந்தக் கயிறு வெட்டப்பட்டது, கோயில் நிற்கும்வரை இதன் நீளத்தைப் பற்றி யாருக்கும் வழக்கு வேண்டாம் என்று இருந்தது. படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. ஐந்து வாரம் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

எல்லை நடப்பதற்கு முந்தின சனிக்கிழமை, வழக்கம்போல் அப்பா கயிற்றை இறக்கிச் சீர்படுத்த உட்கார்ந்தார். பிரிந்திருந்த முனையை இரண்டு விரல் அகலம் நறுக்கிவிட்டு, தார்நூலால் எவ்வளவு அழகாகச் சுற்றிக் கட்டினார் தெரியுமா! அவர் அப்பா அப்படித்தான் செய்தார். தாத்தாவும் அப்படித்தான். நறுக்கி விழுந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஜேபஸ், கயித்த எடுத்துக்கிட்டுக் கோயிலுக்கு வாங்க" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ.

பலிபீடப் படியில் அவர் ஒரு முனையைப் பிடித்து நின்றார். நான் மறுமுனையோடு மேற்கே நடந்தேன். ஞானஸ்நானத் தொட்டி தாண்டியதும் கயிறு விறைத்துவிட்டது. வாசல் இன்னும் அந்தப் பக்கம் இருந்தது. "இழுத்துப் புடிச்சியா?" என்றார். பிடித்திருக்கிறேன் என்றேன். "இன்னும் இழு." இழுத்தேன். "இன்னும் இழுடி டார்கஸ்!" என்று அவர் போட்ட சத்தம் கூரையில் போய் மோதித் திரும்பி வந்தது. எத்தனை இழுத்தாலும் ஒன்பது தப்படி குறைந்தது. இரண்டு முறை எண்ணினேன்.

அவர் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, தரையில் கயிற்றின் முனைக்கும் வாசலுக்கும் நடுவே இருந்த வெறும் கற்களைப் பார்த்தார். "ஒருத்தரும் பொய் சொல்லல. ஆளாளுக்கு ரெண்டு விரல் சுத்தம் பண்ணோம்" என்றார். நூற்றெழுபது வருடம் கடல் வெளியே நிலத்தைக் குறைத்துக்கொண்டிருக்க, உள்ளே நாம் அளவைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறோம். அதுவும் பக்தியோடு, தலை சீவிவிடுவது போல!

கனடா போவதற்கு முன் ஒரு நாள் நீ ரயில்வேயில் அளக்கும் இரும்பு நாடாவை வைத்துக்கொண்டு, "கயிறு பொய் சொல்லுதுப்பா, வருஷா வருஷம் கொறையுது" என்றாய். "எங்கப்பன பொய்யனாக்குறியா?" என்று அவர் அதைக் கடலில் வீசினார். நீ சொன்ன கணக்கு சரி. ஆனால் மகனே, அவர் பொய்யைக் காப்பாற்றவில்லை, கயிற்றைச் சுற்றிக் கட்டிய தன் அப்பா, தாத்தாவின் கைகளைக் காப்பாற்றினார். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்ல எனக்குப் புத்தி இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எல்லார் முன்னாலும் உன் அப்பா பலிபீடத்திலிருந்து வாசல்வரை புதுக்கயிறு வைத்து வெட்டினார். திங்கட்கிழமை முதலில் நம் வீட்டையே அளக்கச் சொன்னார். போன வருடம் பழைய கயிற்றை முழுதாகக் கொண்டு ஒரு சாண் மிச்சமிருந்த நிலம் அது. புதுக்கயிறு நம் படியில் தொடங்கி, புல்லைக் கடந்து, விளிம்பைத் தாண்டி, கிட்டத்தட்ட ஒன்பது தப்படி அந்தரத்தில் தொங்கியது. காற்றில் அது ஆடுவதை ஊரே பார்த்தது. அத்தனை வருடமும் நாம் தூங்கிய இடத்துக்கும் ஆகாயத்துக்கும் நடுவே கர்த்தரின் கைதான் தாங்கி நின்றது என்று எனக்கு அப்போது தெரிந்தது. பக்கத்து வீட்டு நெல்தான், "கவலைய விடு ஜேபஸ், இனிமே படியில உக்காந்தே தூண்டில் போடலாம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பாதான் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கயிறு கொள்ளாத வீடுன்னு எழுதிக்கோ" என்றார். எழுதினேன்.

உள்ளே இரண்டு மைல் தள்ளி, ஆலைச் சந்தில் ஒரு வீடு பேசியிருக்கிறோம். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குள் மாறிவிட வேண்டும். இரண்டு அறை, கொஞ்சம் தோட்டம், அலைச் சத்தம் கேட்காது. அது இல்லாமல் எப்படித் தூங்கப்போகிறோமோ.

நேற்று தச்சரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். வாசல் மிகவும் தணிந்தது, பழங்கால வீடு. அப்பா நிலைக்கு அடியில் நின்று கையை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இத ஒரு முழம் ஒசத்திக் கட்டு. ஆறடி ஆளு இங்க மண்டைய இடிச்சுக்குவான்" என்றார். உன் அப்பா ஐந்தடி நாலு. நான் அதற்கும் கீழே. தச்சர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, "யாருய்யா அந்த ஆறடி?" என்று கேட்டார். "சொன்னதச் செய்" என்று சொல்லிவிட்டு அப்பா தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

இதற்கு மேல் அவர் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். உன் அறுவடை செப்டம்பரில் முடிந்துவிடும் என்று பெர்த்தா எழுதியிருந்தாள்.

உன் போக்கைக் காத்தவர் உன் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா
டார்கஸ் ஹெசில்வுட்