ஆளில்லாத வீட்டில் பால் குடித்தது யார்?

மாமா,

ஏர் ஓட்டிட்டுப் பசியோட வருவீங்க. பானையில சோறு, உறியில கருவாட்டுக் குழம்பு. நானும் பாப்பாவும் தாலுக்கா ஆபீசுக்குக் கையெழுத்துப் போடப் போறோம். சிரிப்புல எழுத்து கோணுது.

நம்ம மனைக்குப் பட்டா குடுக்கலாமான்னு விசாரிக்கக் காலையில தாசில்தார் வந்தாரு. கூட வந்த பண்ணைக் காரியக்காரரு, "இது மாட்டுக் கொட்டகைங்க, யாரும் குடியில்ல"ன்னு அடிச்சுச் சொன்னாரு. நான் வாசல்ல பாப்பாவுக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்தேன். நாலு ஆம்பளைங்க முன்னாடி குடுக்காதன்னு நேத்து ஏசினீங்களே, அது ஞாபகம் வந்துச்சு. ஆனா உள்ள போனா வீடு காலின்னு எழுதிருவாங்களே! முந்தானையப் போத்திக்கிட்டு அசையாம இருந்தேன்.

தாசில்தார் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "ஆளில்லாத வீட்ல பால் குடிக்கிறது யாருய்யா?"ன்னாரு. காரியக்காரரு வேப்பமரத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. பாப்பா பெருசா ஏப்பம் விட்டுச்சு. தாசில்தாரே சிரிச்சுட்டாரு. "இவங்களுக்கே பட்டா எழுது"ன்னு கிளார்க்குகிட்ட சொல்லிட்டாரு, மாமா!

இன்னும் கோவம்னா வந்ததும் ஏசுங்க, கேட்டுக்குறேன்.

அம்சவல்லி

மறந்துட்டேன். கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு. நம்மகிட்ட பூட்டு ஏது? வர்றப்ப ஒண்ணு வாங்கியாறேன். இனிமே இது நம்ம வீடாச்சே.