அண்ணனுக்கு மஞ்சள் காமாலை இல்லை

அம்மா,

அண்ணனைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு, மனநல டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். "உயிரோட இருக்கவே பிடிக்கலை நஜ்மா" என்று நேற்று அழுதார். அவர் உங்களிடம் சொன்னதற்கு, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டுப் போகட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதே" என்றீர்களாம். எப்படி மனசு வந்தது?

ஊருக்கெல்லாம் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டீர்கள். பக்கத்து வீட்டு மதுரம் மாமி பாவம், தினமும் கீழாநெல்லி அரைத்துத் தருகிறார். அண்ணனும் பேசாமல் குடிக்கிறார். அத்தாவின் சர்க்கரைக்கு இப்படியா பொய் சொன்னோம்? ஊசிதானே போட்டோம்?

சாயங்காலம் வருகிறவர்களிடம், பெண் எங்கே போயிருக்கிறாள் என்று உண்மையைச் சொல்லுங்கள். கடல்பாசி இனிப்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டாவது போகட்டும்.

நஜ்மா

பி.கு. அண்ணனுக்கு உங்கள்மேல் கோபமே இல்லை, எனக்குத்தான். போன் செய்தால் அவரிடம் கொடுக்கிறேன். இந்தத் தடவை அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.