தொப்பியில் யானை இல்லை

அரியாங்குப்பம்,
4.8.2024

அன்புள்ள ஒகுஸ்த் அண்ணனுக்கு,

நிர்மலா எழுதுவது. இங்கே நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். உங்கள் சிநேகிதர், என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது, என்ன நலம் என்று உங்களுக்கே தெரியும். போனில் கேட்டிருக்கலாம். போனில் நீங்கள் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அவரும் ஓடியாடி உழைத்த எங்கள் நகர் நலச்சங்கம் கட்டிய மண்டபத்தை நவம்பர் ஒன்றாம் தேதி திறக்கிறார்கள். பட்டாளத்தில் இருந்த நம் ஆட்களின் படங்களைச் சுவரில் மாட்டப்போகிறார்களாம். செயலாளர் புருஷோத்தமன் வந்து, "அண்ணி, அண்ணன் எந்த ரெஜிமென்ட்டு? படத்துக்குக் கீழ எழுதணும்" என்றார். நாற்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் பதில் தெரியவில்லை. எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டையில், பாலைவனத்தில் காலில் குண்டு பட்டது என்பார். அதற்கு மேல் கேட்டால், "உடுடி, பழைய கதை" என்பார். பீரோவைக் கவிழ்த்துத் தேடிவிட்டேன். ஒரு டிஸ்சார்ஜ் தாள் இல்லை, மெடல் இல்லை. சீருடையில் எடுத்த ஒரு படம் மட்டும்தான். அதிலும் அவர் தோளில் யாருடைய கையோ இருக்கிறது. அந்த ஆளைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். யார் அது?

ஊரில் யார் வீட்டுப் பட்டாளப் படமானாலும் இவர் உங்களுக்கு அனுப்புவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நீங்கள் பாட்ஜைப் பார்த்து இன்ன படை, இன்ன வருஷம் என்று எழுதுவீர்கள். இதையும் பார்த்துச் சொல்லுங்கள். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவரோ, வடக்கே வேறு குடும்பம் இருந்ததோ என்றெல்லாம் புத்தி போகிறது.

உங்கள் தங்கை,
நிர்மலாதேவி

துலூஸ்,
பிரான்ஸ், 20.8.2024

அன்புத் தங்கச்சி நிர்மலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படம் மங்கல்தான். ஆனாலும் தொப்பி பாட்ஜ் மெட்ராஸ் ரெஜிமென்ட், சந்தேகமே வேண்டாம். அதையே எழுதச் சொல். வெட்டுப்பட்டவன் கூட இருந்த சிப்பாய் எவனாவது இருக்கும்.

போனவனைப் பற்றி இப்படிக் குடையாதே அம்மா. கலியமூர்த்தி உன்னைத் தவிர வேறொருத்தியை ஏறிட்டுப் பார்த்தவனில்லை. என் வீட்டுக்காரி ஆனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. உன்னை விசாரித்தாள். பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடு.

அண்ணன்,
ஒகுஸ்த்

அரியாங்குப்பம்,
6.9.2024

ஒகுஸ்த் அண்ணனுக்கு,

பக்கத்துத் தெரு தனக்கொடியின் அப்பா படத்தில் இருந்த ஒரு பொத்தானுக்கு இரண்டு பக்கம் எழுதியவர் நீங்கள். என் புருஷனுக்கு மூன்று வரி. அங்கேயே எனக்கு உறுத்திவிட்டது.

பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் படத்தைப் பெரிதாக்கினேன். தனக்கொடி வீட்டுப் படத்துக்காக நீங்கள் இவருக்கு எழுதிய அந்தக் கடிதத்தையும் தேடி எடுத்தேன். உங்கள் கையெழுத்துத்தான்: "முதலில் தொப்பி, அப்புறம் தோள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் யானை இருக்கும். மாலை வளையத்துக்குள் என்.சி.சி. என்று மூன்றெழுத்து இருந்தால் பள்ளிக்கூட மாணவர் படை. பல வீடுகளில் அதைப் பட்டாளம் என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். பக்குவமாகச் சொல்லு."

படத்தில் யானையும் இல்லை, பூனையும் இல்லை. மாலையும் மூன்றெழுத்தும் பளிச்சென்று இருக்கின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்களே.

அப்படியானால் குண்டு எங்கே பட்டது? யார் சுட்டது? எங்காவது திருடப் போனாரா? மழைக்காலம் வந்தால் அந்த முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். பொய்யை எழுதி மாட்டி, அதற்கு மாலை போட என்னால் முடியாது. காரணம் தெரியாமல் அவரைப் பொய்யர் என்று ஊர் முன்னால் சொல்லவும் முடியாது. இதற்கும் மழுப்பினால் இனி என்னைத் தங்கச்சி என்று எழுதாதீர்கள்.

நிர்மலாதேவி

துலூஸ்,
24.9.2024

நிர்மலாவுக்கு,

தங்கச்சி என்று எழுதக் கை வரவில்லை. சுட்டவன் நான்.

1969 டிசம்பர், எங்கள் மாணவர் படை முகாம். சுட்டுப் பழகி முடித்ததும் துப்பாக்கியைத் திறந்து காட்டி, காலி என்று வாத்தியாரிடம் சொல்ல வேண்டும். நான் திறக்காமலே காலி என்றேன். கலியமூர்த்தி முன்னால் போய் இலக்கு அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். விளையாட்டுக்குக் குறிபார்த்தேன். விரல் அழுத்திவிட்டது.

போலீஸ் கேஸ் என்று ஆகியிருந்தால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர நான் போட்டிருந்த மனு அன்றோடு செத்திருக்கும். துப்பாக்கியோடு ஓடிய என்னிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, ரத்தத்தோடு கிடந்தவன் வாத்தியாரிடம், "என் கையிலதான் வெடிச்சிது சார், இவன் கிட்டவே இல்ல" என்றான். பட்டாள ஆசை என்னைவிட அவனுக்குத்தான் அதிகம். நான் பட்டாளத்துக்குப் போனேன், அவன் நொண்டினான்.

அந்தப் பாலைவனம் என்னுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தோடு ஆப்பிரிக்காவில் சாடு நாட்டில் இருந்தபோது அவனுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து எடுத்தது. ஆஸ்பத்திரி, சென்னையில் மாமா வீடு என்று இரண்டு வருஷம் கிடந்துவிட்டு அரியாங்குப்பத்துக்குக் குடிவந்தபோது, நொண்டுவதைப் பார்த்து யாரோ "பட்டாளமா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றுவிட்டான். உன்னைப் பெண் பார்க்க வந்தபோது அதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லையாம். படத்தில் வெட்டுப்பட்டவனும் நான்தான், வெட்டியது அவனே. நான் இந்தியப் பட்டாளத்தில் இருந்ததில்லை என்று தெரிந்தவர் யாராவது பார்த்தால், அது பள்ளிக்கூடப் படம் என்று வெளுத்துவிடும்.

உன்னிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை அவனுக்கு எழுதினேன். வேண்டாம் என்றான். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. நேரில் வந்து உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. வர வேண்டாம் என்று நீயே எழுதிவிட்டால் நிம்மதி.

ஒகுஸ்த்

அரியாங்குப்பம்,
12.10.2024

ஒகுஸ்த் அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்தேன். மூன்றாம் நாள் புருஷோத்தமனைக் கூப்பிட்டு, அவர் பட்டாளத்தில் இருந்ததில்லை என்றேன். "அப்போ படம் வேணாமா அண்ணி?" என்றார். சிப்பாய்கள் வரிசையில் வேண்டாம், சங்கத்துக்கு உழைத்தவர்கள் பக்கம் மாட்டுங்கள், கீழே மாணவர் படை, 1969 என்று உள்ளதை எழுதுங்கள் என்றேன். விஷயம் அன்றைக்கே தெரு முழுக்கப் போய்விட்டது. இரண்டு பேர் என் காதுபடவே சிரித்தார்கள். கூசித்தான் போனேன்.

உங்கள் பெயரை நான் எடுக்கவில்லை. அவர் ஐம்பத்துநாலு வருஷம் காப்பாற்றியதை உடைக்க எனக்கு மனசில்லை. அதற்காக எனக்கு ஆத்திரம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது பெரிய மனசுதான், ஆனால் ஒரே பாயில் படுத்தவளிடமும் ஏன் மறைத்தார்? இதைக் கேட்டுச் சண்டை போட அவர் இல்லை. போட வேண்டிய சண்டை முழுக்க அப்படியே கிடக்கிறது. அதை வாங்கிக்கொள்ள உலகத்தில் இப்போது நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

வர வேண்டாம் என்று எழுதி உங்களுக்கு நிம்மதி தர மாட்டேன். டிக்கெட் எடுங்கள். ஒரு மாதமாவது தங்குகிற மாதிரி வாருங்கள். திட்டித் தீர்க்க எனக்கு அவ்வளவு நாள் வேண்டும்.

நிர்மலாதேவி