கீறிட்ட இடம்

பூவரசங்குளம்
16.01.2025

அன்புள்ள கிருபனுக்கு,

நீங்களும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பொங்கலன்று நீங்கள் கோல் எடுத்தபோது நான் பாதியில் வைத்தது பிழைதான். வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய பிழை ஏதாவது என் வாயில் வந்திருக்கும். கல்யாணம் கட்டிய பிறகு நாங்கள் பிரிந்திருந்து பொங்கிய முதற் பொங்கல் இது. அம்மா பானையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை.

போனில் கதைத்தால் எங்களுக்குச் சண்டையில்தான் முடிகிறது. ஆகவே அமெரிக்கப் படிப்புக்கான சோதனை முடியும்வரை என் போனைத் தம்பி மதுசனிடம் கொடுத்துவிட்டேன். கடிதம் எழுதுவோம். எழுதும்போது ஒருவர் பேச்சை ஒருவர் இடையில் வெட்ட முடியாது அல்லவா?

ஒரு உதவி வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்கிறேன். சோதனையின் கணிதப் பகுதியில் எனக்குப் பயமில்லை. ஆங்கிலத்தில்தான் விழுகிறேன், அதிலும் அந்தக் கீறிட்ட இடம் நிரப்பும் கேள்விகளில். ஒரு வாக்கியம், நடுவில் ஒரு கோடு, கீழே ஐந்து சொற்கள். சொற்களின் கருத்தெல்லாம் மனப்பாடம். ஆனாலும் வாக்கியத்துக்குள் போட்டால் பிழையாகிறது. புத்தகத்தில் உள்ள வாக்கியங்கள் முழுக்க ஒப்பரா பாடகிகளும் செனற்றர்களும். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்கள் சந்தோசப்படுவார்களா கோபப்படுவார்களா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் ஆங்கில வாத்தியார். எங்கள் ஊர் ஆட்களை வைத்து வாக்கியம் எழுதி அனுப்புவீர்களா? சொற்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கு இந்தச் சோதனையே பிடிக்காது என்று தெரியும். உவர் மண்ணை ஆராய அமெரிக்காவுக்கு ஏன் போகவேண்டும், பளையில் இல்லாத உவரா என்று நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. பளையில் இருப்பதால்தான் போகப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் குடிக்க முடியாமல் போனதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது.

மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள்
தயாளினி


பளை
22.01.2025

அன்பின் தயா,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். பின்வளவில் இரண்டு தென்னை வெள்ளை ஈ பிடித்துக் கறுத்துப்போய் நிற்கின்றன. அம்மா உம்முடைய ரோசாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறா. உம்மைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறா.

வாக்கியங்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பாடசாலையில் ஓய்வுப் பாடவேளையில் ஒன்று எழுதினேன், நிறுத்த முடியவில்லை.

உமக்கு எங்கே பிழையாகிறது என்று எனக்குத் தெரியும். நீர் நேரே அந்த ஐந்து சொற்களைப் பார்க்கிறீர். பார்க்க வேண்டாம். கையால் மூடிக்கொள்ளும். வாக்கியத்தை மட்டும் வாசித்து, அந்த இடத்தில் உம்முடைய சொந்தச் சொல்லொன்றைப் போடும். தமிழ்ச் சொல்லென்றாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு கையை எடும். அத்தோடு, வாக்கியத்தில் 'ஆனாலும்', 'ஆகையால்', 'அதற்கு மாறாக' எங்கே நிற்கிறது என்று பாரும். வாக்கியம் அந்த இடத்தில்தான் திரும்பும். எங்கள் கிளிநொச்சிப் பஸ்ஸின் கொண்டக்டரை வைத்து ஒன்று எழுதியிருக்கிறேன்: பயணிகளோடு வாயே திறக்காதவர், ஆனாலும் சாரதியோடு என்றால்? அந்தக் கோட்டில் 'கருலஸ்' வரும், வாயாடி. அந்த மனிசனை நினைத்தால் இனிச் சாகும்வரை உமக்கு அந்தச் சொல் மறக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும். இரவில் கண் முழிக்க வேண்டாம்.

கிருபன்


பூவரசங்குளம்
30.01.2025

அன்புள்ள கிருபனுக்கு,

கொண்டக்டர் வாக்கியத்தைச் சத்தம்போட்டு வாசித்தேன். அப்பா தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அந்தாளு நம்ம மன்னார் ரோட்டு பஸ்ஸிலயும் இருக்கான்மா" என்றார். இப்போது எனக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆள் இருக்கிறார். கையால் மூடும் வித்தையும் பலிக்கிறது. நான் போடும் தமிழ்ச் சொல் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இத்தனை நாளும் அந்த ஐந்து சொற்களைப் பார்த்துத்தான் வெருண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு விசயம். கோபிக்காமல் வாசியுங்கள். உங்கள் தாளின் பின்பக்கத்தில் வருகிற வாக்கியங்களில் யாராவது ஒருவர் ஊரைவிட்டுப் போகிறார். ஒன்றில் மகன், ஒன்றில் கப்பற்காரன், ஒன்றில் ஒரு பெண். அவர்களுக்கு நீங்கள் தந்திருக்கிற தெரிவுகள் என்ன? நிலையில்லாதவர், இரக்கமில்லாதவர், நன்றி மறந்தவர், பேராசைக்காரர், கோழை. நான் கையால் மூடிக்கொண்டு என் சொல்லைப் போட்டேன். 'பயந்தவள்' என்று வந்தது. 'ஆசைப்பட்டவள்' என்று வந்தது. கையை எடுத்துப் பார்த்தால் இரண்டும் அங்கே இல்லை. அந்தப் பக்கத்தை நிரப்பாமல் திருப்பி அனுப்புகிறேன்.

எங்கள் வீட்டில் போகாத ஆளென்று யாருமில்லை, கிருபன். தாத்தாவை இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் அப்பா சின்னப் பிள்ளையாக லொறியில் ஏறி இங்கே வந்தார். காடு வெட்டிக் கொட்டில் போட்டு, அதையும் விட்டுவிட்டு ஓடி, பிறகு திரும்பிவந்து போட்ட வீடு இது. நான் போகிறேன் என்று சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "அங்கிட்டுக் குளிர் எப்புடி?" உங்கள் வீட்டில் 'போகிறேன்' என்ற அதே வார்த்தையை நான் சொன்னதும் நீங்கள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனீர்கள். அது ஏன் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாகச் சொன்னதில்லை நீங்கள். சொல்வீர்களா?

என்னோடு நீங்களும் வரலாம். துணைக்கு வருகிறவருக்கும் விசா உண்டு. அதையும் நான் சொல்லி முடிக்கும் முன்பே எழும்பிவிட்டீர்கள்.

உங்கள்
தயா


பளை
07.02.2025

தயாளினிக்கு,

கேட்டீர், எழுதுகிறேன்.

சமாதான காலத்தில் ஏ-9 பாதை திறந்த வருடம் அப்பா சுவிசுக்குப் போனார். எனக்கு ஏழு வயது. அப்போது நாங்கள் புளியங்குளத்தில் இருந்தோம். "ரெண்டே ரெண்டு வருசம், அப்பன்" என்று சொல்லித் தலையைத் தடவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு அவருடைய கோல் வரும். அம்மா குளித்து, நல்ல சீலை உடுத்துத்தான் அந்தக் கோலுக்குப் போவா. போனில் சீலை தெரியாது என்று அவாவுக்குத் தெரியாதா? ஆனாலும் உடுப்பா. பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் கடந்தன, கோல் வரவில்லை. அம்மா கொஞ்சக் காலம் உடுத்துக்கொண்டு வாசலில் இருந்தா. பிறகு அதையும் விட்டா. அவருக்கு அங்கே இப்போது இரண்டு பிள்ளைகள். பேஸ்புக்கில் பார்த்தேன். மூத்தவனுக்கு என்னுடைய நெற்றி.

நீர் படிப்பு ஐந்து வருடம் என்கிறீர். அவர் இரண்டுதான் சொன்னார்.

துணை விசாவில் நான் வந்து அங்கே என்ன செய்வது? நீர் படிக்கப் போக, யன்னலால் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? அம்மாவை யாரிடம் விடுவது? உம்முடைய வீட்டாருக்குப் போவது பழக்கம். எங்கள் வீட்டில் அது ஒரேயொரு முறை நடந்தது, போதும்.

வாக்கியங்கள் இனி அனுப்பமாட்டேன். அந்தத் தாளைத் திருப்பி அனுப்பினீர், நல்லது. சோதனைக்குப் போவதும் போகாததும் உம்முடைய விருப்பம். போகாவிட்டால், அடுத்த நாளே வந்து உம்மைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

கிருபன்


பூவரசங்குளம்
15.02.2025

அன்புள்ள கிருபன்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே போய் வயல் வரம்பில் நடந்தேன். அறுவடை முடிந்த வயல், காலில் வைக்கோல் குத்தியது. ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் இருக்க முடியவில்லை. புத்தகத்தை எடுத்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

சீலை உடுத்திக்கொண்டு வாசலில் இருந்த மாமியை நினைத்து அழுதேன். மூன்று வருடம் அவாவோடு ஒரே குசினியில் சமைத்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

உங்கள் அப்பாவுடைய கணக்கை என்னிடம் தீர்க்காதீர்கள். நான் உங்களை விட்டுப் போகவில்லை. நான் சோதனைக்குப் போகிறேன். மார்ச் எட்டாந் திகதி, கொழும்பில். வாக்கியங்களை இப்போது நானே எழுதுகிறேன். உங்களுடையவை போல வருவதில்லை.

இதற்கு மறுமொழி போடுங்கள். திட்டியென்றாலும் போடுங்கள்.

உங்கள்
தயா


பூவரசங்குளம்
11.03.2025

அன்புள்ள கிருபனுக்கு,

நீங்கள் மறுமொழி போடவில்லை. மாமி வவுனியாவில் கண் காட்டிவிட்டுத் தன் தங்கச்சி வீட்டில் நிற்கிறா என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவா இங்கேதான் நிற்கிறா. இப்போது முற்றத்தில் அம்மாவோடு சேர்ந்து மிளகாய் காயப்போடுகிறா. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தாந் திகதி மத்தியானம் வாசற் படலையடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. பார்த்தால் மாமி. கையில் முருங்கைக்காய்க் கட்டு. தனியே ரயிலில் வந்து, வவுனியாவில் ஓட்டோ பிடித்து வந்திருக்கிறா. நான் ஓடிப்போய்க் கட்டை வாங்கினேன். அவாதான் கேட்டா.

"சோதனை சனிக்கிழமை தானே? ஆரோடை போறாய்?"

"தனியத்தான் மாமி. மதுசனுக்கு லீவு இல்லை."

"நானும் வாறன்."

"நீங்கள் ஏன் மாமி கஸ்ரப்பட்டு..."

"எனக்கென்ன கஸ்ரம்? நான் கொழும்பு பாக்கேல்லை. ஒருக்காப் பாப்பம்."

சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு நிற்கும்போது தானாகவே சொன்னா. அதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் ஒவ்வொரு நாளும் உனக்கு எழுதிறான் பிள்ளை. எழுதிப்போட்டுக் கிழிக்கிறான். நான் கூட்டி அள்ளுறன். கேட்டால், ஒண்டுமில்லையம்மா எண்டுறான். இஞ்சை பார், அந்தாள் போனதிலை எனக்குக் கோவமில்லை. போறதுக்குக் காசு பிரட்டிக் குடுத்ததே என்னைப் பெத்த ஐயாதான். நான் போட்ட கடிதங்களுக்கு மறுமொழி வராமல் விட்டுது பார், அதுதான் இண்டைக்கும் சுடுது. இப்ப என்ரை பிள்ளை உனக்கு அதைச் செய்யிறான். அதைப் பாத்துக்கொண்டு என்னாலை வீட்டிலை இருக்கேலாமல் போச்சுது."

நான் அவாவைக் கட்டிப்பிடித்தேன். "விடு, கை ஈரம்" என்றா.

வெள்ளிக்கிழமை ரயிலில் போனோம். வழிமுழுக்க யன்னலை விட்டு அசையவில்லை. மதவாச்சி தாண்டியதும், சொற்களைச் சொல்லு, நான் கேட்கிறேன் என்றா. ஒரு சொல்லும் விளங்காமல், நான் தடுமாறும் இடத்தை மட்டும் சரியாகப் பிடித்து, "இது உனக்கு வடிவாத் தெரியாது, திருப்பிச் சொல்லு" என்றா. கொழும்பில் சோதனை நடந்த கட்டடத்துக்குள் அவாவை விடவில்லை. எதிரே இருந்த தேநீர்க் கடையில் இருந்தா. நான் வெளியே வந்தபோது, மகனுக்காகக் காத்திருந்த ஒரு சிங்கள அம்மாவோடு ஒரே பேச்சு. மாமிக்குச் சிங்களம் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மகன் முந்தியும் ஒருமுறை எழுதியவன், இரவில் நித்திரை கொள்வதில்லை என்றெல்லாம் எப்படியோ அறிந்து வைத்திருந்தா.

சோதனை முடிந்த கையோடு புள்ளி திரையில் வரும். ஆங்கிலத்தில் அமெரிக்காவிலுள்ள பேராசிரியர் கேட்டதைவிடக் கொஞ்சம் கூட. நான் சொன்னதும் மாமி, "அப்ப போறாய்" என்றா. கேள்வியாகக் கேட்கவில்லை.

கிருபன், இனி விண்ணப்பிப்பேன். இடம் கிடைத்தால் போவேன். அதை இன்று உங்களுக்குத் தெளிவாக எழுதிவிட வேண்டும், இரண்டு விதமாகவும் விளங்கும்படி எழுதிச் சமாளிக்க எனக்கு விருப்பமில்லை. நீங்களும் வரவேண்டும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. வரமுடியாவிட்டால் முடியாது என்று எழுதுங்கள். வெறுந் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

தயாளினி


பளை
14.03.2025

அன்பின் தயா,

அம்மா நேற்று மதுசனுடைய போனில் கதைத்தா. பிறகு இன்று உம்முடைய கடிதம் வந்தது. பாடசாலையில் வைத்தே பிரித்தேன். பிரித்திருக்கக்கூடாது. மணி அடித்தும் வகுப்புக்குப் போகவில்லை. பிள்ளைகள் வந்து, "சேர், பாடம் இருக்கு" என்று கூப்பிட்டார்கள்.

உம்முடைய புள்ளிக்குச் சந்தோசப்பட்டேன். முதலில் வந்தது அதுதான், நம்பும். பிறகு எழுத இருந்தேன். நீர் போவதை விரும்புகிறேன் என்று எழுதினால் பொய். போகக்கூடாது என்று எழுதினால் அதுவும் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை தாளும் கிழிந்தது. ஒரு மாதமாக உமக்கு மறுமொழி போடாமல் இருந்தபோது, அப்பாவைப் போல ஆகிவிடாமல் என்னைக் காத்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதை உம்முடைய எழுத்தில் வாசிக்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை.

நான் வருவேனா என்று கேட்டீர். தெரியாது. அம்மாவை யாரிடம் விடுவது என்று நேற்றும் போனில் தொடங்கினேன். "என்னைச் சாட்டாதை" என்றா. "உனக்குப் பயமெண்டால் பயமெண்டு சொல்லு. நான் இன்னும் ரெண்டு கிழமை இஞ்சைதான் நிக்கப்போறன், இஞ்சை தண்ணி நல்லாயிருக்கு." அப்படியே போனை வைத்துவிட்டா.

எனக்குப் பயம்தான், தயா. அங்கே வந்து ஒன்றுக்கும் உதவாமல் இருப்பேனோ என்றும் பயம். இங்கே இருந்துகொண்டு உம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக வெறுத்துவிடுவேனோ என்றும் பயம். ஐந்து வருடத்துக்கு ஒன்றும் வாக்குத் தரமாட்டேன். உம்மிடம் கேட்கவும் மாட்டேன். விண்ணப்பத்தை அனுப்பும். அனுப்பும் முன் நீர் எழுதுகிற கட்டுரையை என்னிடம் காட்டும், உமக்குக் காற்புள்ளி போடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முகத்தைப் பார்த்துக் கதைப்போம். நான் சத்தம்போட்டால், மாமாவிடம் சொல்லி என்னைப் பின்னேரப் பஸ்ஸிலேயே ஏற்றிவிடும். சமைத்து வைக்க வேண்டாம் என்று எழுதி, அதை வெட்டிவிட்டேன்.

சமைத்து வையும்.

உம்முடைய
கிருபன்