சாவிக்காரருக்கு என்ன பெயர்?

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், படி ஏறும்போது அவருடைய முழங்கால் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். வீடியோவில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் சாவிக்காரர் பேச்சை எடுத்ததும் நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய், அதன்பிறகு நான் கையை எப்படி ஆட்டி என்ன பிரயோஜனம், காது கேட்காத பிள்ளை கண்ணையும் மூடிக்கொண்டால் எந்த அம்மாவும் ஜெயிக்க முடியாது. கடிதத்தையாவது கண்ணைத் திறந்துதான் படித்தாக வேண்டும். உன் அறையில் அழைப்புமணி அடித்தால் எரியுமே, அந்த பல்பு பியூஸ் போய்விட்டது, ஆள் இல்லாத அறைக்கு எதற்கு என்றேன், அப்பா கேட்காமல் புதிது மாட்டிவிட்டார்.

சாவிக்காரர் கட்சி மாறியதில் உனக்கு எவ்வளவு கோபமோ, ஏன் மாறினார் என்று தெரிந்துகொள்வதில் எனக்கு அவ்வளவு ஆசை, என்ன செய்ய, என் புத்தி அப்படி. பேருந்துப் பணிமனையில் ஸ்பானர் பிடித்த மனிதர், தொழிற்சங்கத்தில் பேசிப் பேசி மேலே வந்து மூன்று முறை சட்டசபைக்குப் போனவர், இருபத்திரண்டு வருடம் ஒரே கட்சி. சட்டசபை ஒளிபரப்பில் மூலையில் சைகை மொழிக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று முதன்முதலில் எழுந்து கேட்டவரே அவர்தான், அந்தக் கட்டத்துக்குள்தான் உன் அம்மா பதினைந்து வருடமாக நிற்கிறாள். முதல் ஒளிபரப்பைப் பார்த்தபோது உனக்கு ஒன்பது வயது. அவர் சட்டைப்பையில் குத்தியிருந்த கட்சியின் சாவிச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, மார்புப் பக்கம் இரண்டு விரலால் சாவி திருப்பிக் காட்டி அவருக்குச் சைகைப் பெயர் வைத்தாய். உன்னிடமிருந்து பள்ளிக்கூடத்துக்கு, அங்கிருந்து காது கேளாதோர் சங்கத்துக்கு என்று பரவி, இன்று உங்கள் எல்லோருக்கும் அவர் அதுதான். இத்தனை வருடமும் அவருக்கே அது தெரியாமல் இருந்ததுதான் வேடிக்கை.

படகுச் சின்னக் கட்சிக்குப் போய், சபையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவர் பேசிய முதல் நாள், நான் வழக்கமான பெயரையே காட்டினேன், வேறு எதைக் காட்டுவது? மறுநாளே படகுக்காரர்களிடமிருந்து எங்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குப் புகார், மூலையில நிக்கிற அம்மா பழைய கட்சிக்குப் பிரசாரம் பண்றாங்க என்று. அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி சரி பண்ணிடுங்க, இல்லேன்னா வேற ஆளைப் போடச் சொல்லுவாங்க என்று மேலாளர் கையைப் பிசைந்தார். சங்கச் செயலாளர், அதுதான் உன் வகுப்புத் தோழன் நெட்டையன், வீட்டுக்கே வந்து, பெயர் வைத்தவன்தான் மாற்ற வேண்டும், அம்மாவும் மாற்றக் கூடாது கட்சியும் மாற்றக் கூடாது என்று கையை அடித்து அடித்துச் சொல்லிவிட்டுப் போனான். உள்ளங்கையை இப்படியும் அப்படியும் புரட்டிக் காட்டி, கட்சி மாறியவர் என்று நீ கோபத்தில் அவருக்கு வைத்த புதுப் பெயரைப் பார்த்துச் சங்கத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை அவரே நிலையத்துக்கு வந்துவிட்டார், கூட ஒருவரும் இல்லை. ஒப்பனை அறையில் என் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் பேரைக் காட்டுங்கம்மா, பார்க்கலாம் என்றார். காட்டினேன். தானும் செய்துபார்த்தார், விரல் தப்பாக வந்தது, திரும்பக் காட்டச் சொன்னார். ஒம்பது வயசுப் பையனா வச்சான் என்று மூன்று தடவை கேட்டார். பிறகு அவர் கட்சி மாறிப் பேசிய நாளின் பதிவை ஓட விட்டு ஓரிடத்தில் நிறுத்தி, நான் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன், இங்க ஏன் உங்க கை சும்மா நிக்குது என்றார். ஏன் கட்சி மாறினேன் என்று அவர் விளக்கிய இடம் அது. காலத்தின் கட்டாயம், மனசாட்சியின் குரல், தொகுதி மக்களின் எதிர்பார்ப்பு என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. வார்த்தைக்கு வார்த்தை காட்டுவதா என் வேலை, சொல்ல வருவதைப் பிடித்துத்தானே காட்ட வேண்டும், அன்று பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை வருடத்தில் அவர் பேச்சுக்கு என் கை நின்றது அதுதான் முதல் தடவை. வருவது வரட்டும் என்று, அங்க சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க, அதான் நின்னுடுச்சு என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டேனா, நிஜமாவே ஏன் போனீங்க என்றும் கேட்டுவிட்டேன். கையை நீட்டிப் பதிவை அணைத்தார். புகாரை நான் பாத்துக்கறேன், உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, உங்க பையன் எந்தப் பேரை வச்சாலும் எனக்குச் சம்மதம்னு சொல்லுங்க என்று எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பி நின்று, சட்டைப்பைமேல் சாவியைத் திருப்பினார், இந்த முறை விரல் சரியாக வந்தது. பிறகு தன்னையே சுட்டிக்காட்டி, புருவத்தை உயர்த்தினார். புருவம் உயர்ந்தால் நம் மொழியில் அது கேள்வி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் இன்னும் சாவிதானா என்ற அந்தக் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

வேலையில் லேத் மெஷின் முன்னால் நிற்கும்போது கண்ணாடி போட்டுக்கொள், உனக்குக் கண்தான் எல்லாம். எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். அடுத்த கூட்டம் மூன்றாம் தேதி, அதற்குள் எந்தப் பெயர் என்று முடிவாகச் சொல்லிவிடு, நீ எதைச் சொன்னாலும் அதையே காட்டுவேன், கையைப் புரட்டுகிற பெயரானாலும் சரி. அதற்கு முன்னால் அவர் முகம் உன் எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை அவரிடம் காட்டிப் பார்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்,
உன் அம்மா