சாந்தோமுக்கு வழி தெரிந்தவள்

இன்று காலை அண்ணி புது ரேஷன் கார்டு உறை ஒன்றைப் பிரித்தாள். மடிந்து ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் சடசடவென்று விரிந்தது. அந்த வாசனை வந்ததும் நான் என்னை மறந்து, "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

"யாரும் வரலையே. யார கேக்கற?" என்றாள் அண்ணி.

உன்னைத்தான் கேட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உன் தோள்பை, உன் புடவை, உன் விரல் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான் இருக்கும். நீ கூவுவதற்கு முன்பே அது ரயில் பெட்டிக்குள் வந்துவிடும்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இதை நான் போனிடம் பேசிப் பேசி எழுதுகிறேன். நம்முடைய பேச்சு அதற்குப் பிடிபடுவதில்லை. "கீது" என்றால் கீதா என்று யாரோ ஒரு பெண்ணின் பேரைப் போடுகிறது. அதனால் பாடப் புத்தகத் தமிழில் உன்னோடு பேச வேண்டியிருக்கிறது. கேட்டால் சிரிப்பாய்.

நாம் சந்தித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு ஒரு வருடம் முன்புதான் என் கண் முழுதாகப் போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிக்கூடி, ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, நாற்பத்தாறாவது வயதில் நடுவிலும் அணைந்துவிட்டது. வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் இருபது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராயபுரத்தில் அம்மா விட்டுப்போன வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். அந்த ஒரு வருடமும் வாசலைத் தாண்டவில்லை என்றே சொல்லலாம். எண்ணூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அண்ணி கையைப் பிடித்து அழைத்துப்போனாள். கும்மிடிப்பூண்டி வண்டி. நீ வந்தாய்.

"ஊக்கு, ஹேர்பின், ரேஷன் கார்டு கவரு, பஸ் பாஸ் கவரு..."

ஓர் உறையை வாங்கி அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். தைத்த கைக்கு அது பழக்கம். திருப்பித் தரும்போது உன் கை என் விரல்மேல் ஒரு நொடி நின்றது.

"உனுக்கும் கண்ணு தெர்லயா யக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "ஆமாம்மா, பாவம்."

"பாவம்லாம் ஒன்னும் இல்ல. குச்சி எங்க?"

"பைல கீது," என்றேன்.

"பைக்கா கண்ணு தெர்ல? எட்து கைல வெய்யி."

பெட்டியில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எண்ணூரில் இறங்கும்போது குச்சியை வெளியே எடுத்திருந்தேன். என் போன் நம்பரை நீ ஒரே முறை கேட்டாய். அன்று சாயங்காலமே கூப்பிட்டாய். என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குரலை வைத்து நான் உன்னைப் பெரியவள் என்று நினைத்திருந்தேன்.

உன் வீடு எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்தில். அப்பாவும் தம்பிகளும் கடலுக்குப் போகிறவர்கள். ஆறு வயதில் அம்மை வந்து கண் போனதாம். அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு மாற்றமும் இருக்காது. பத்தொன்பது வயதிலிருந்து அந்த வண்டிகளில் விற்றுக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள் ராயபுரத்தில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வருவாய். டீ குடிப்பாய். தெருவில் போகிற ஒவ்வொரு சத்தமும் என்ன என்று என்னைக் கேட்பாய். நான் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் மறுபடி கேட்பாய். எனக்குக் காது இருக்கிறது என்பதை அப்படித்தான் எனக்குக் காட்டினாய்.

அந்த நாட்களில்தான் அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தான். அவன் கெட்டவன் இல்லை. துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அண்ணியும் வேலைக்குப் போகிறவள். ஊருக்கு வெளியே கண் தெரியாத பெண்களுக்காக ஒரு விடுதி இருப்பதை விசாரித்துவிட்டு வந்திருந்தான்.

"அங்க உன்ன நல்லா பாத்துக்குவாங்க. இங்க நாங்க போய்ட்டா நீ ஒண்டியா கீற. கேஸ தொறந்து வுட்டுட்டின்னா இன்னா பண்றது?"

"இது அம்மா இருந்த வூடு. நான் எங்கியும் போவல," என்றேன்.

"தெருமுனைக்குப் போவ உனுக்கு ஆள் வேணும். இதுல சாந்தோமுக்கு இட்டுனு போ, சாந்தோமுக்கு இட்டுனு போன்னு தெனிக்கும் பேஜாரு. நீ ஒண்டியா சாந்தோம் போய்ட்டு வந்து காட்டு. அப்பால இதப் பத்தி நான் வாயே தொறக்கல."

அம்மா இருந்தவரை ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நானும் அவளும் சாந்தோம் கோயிலுக்குப் போவோம். ராயபுரத்திலேயே எங்களுக்குக் கோயில்கள் இருக்கின்றன. ஆனாலும் தோமையார் கல்லறைக்கு முன்னால் முழங்காலில் நின்றால்தான் அம்மாவுக்கு அந்த மாதம் தொடங்கும். கண் போன பிறகு அங்கே ஒருமுறை போய்விட வேண்டும் என்று நான் அண்ணனை நச்சரித்துக்கொண்டிருந்தது உண்மை.

உன்னிடம் சொல்லி அழுதேன். நீ சொன்னாய்:

"சாந்தோம்தான? எனுக்கு அத்துப்படி. வர்ற சனிக்கெயம வாணாம், வேல கீது. அதுக்கு அடுத்த சனிக்கெயம போலாம்."

அந்தச் சனிக்கிழமை வந்தது. ராயபுரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷனுக்கு ஒரே நிறுத்தம். அங்கே இறங்கி பறக்கும் ரயில் நிற்கும் பிளாட்பாரத்துக்கு மாற வேண்டும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் உதவி செய்கிறேன் என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் தடுமாறிவிட்டேன். நீ நின்றாய்.

"இய்க்காத நைனா. உன் தோள குடு, அவங்க புட்ச்சிக்குவாங்க. உனுக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது."

அவர் மன்னிப்பு கேட்டார். அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறியது எவ்வளவு எளிதாக இருந்தது என்று எனக்கு ஆச்சரியம். ஓர் ஆளைப் புண்படுத்தாமல் திருத்த முடியும் என்பதை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் கம்பெனி சூப்பர்வைசருக்கு அது கடைசிவரை வரவில்லை.

வண்டியில் நீ எனக்கு நிறுத்தங்களை விரல் மடக்கச் சொன்னாய். ஆறாவது விரல் கலங்கரை விளக்கம் ஸ்டேஷன். "கூவம் நாத்தம் வந்துச்சின்னா சிந்தாதிரிப்பேட்டைன்னு வெச்சிக்க. எண்ணிக்கை வுட்டுப்போனாலும் மூக்கு வுடாது." அங்கே இறங்கி, பெரிய சாலைக்கு நடந்து, பஸ் பிடித்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னை அப்படியே நிற்கவைத்தாய்.

"காத்து எந்தக் கன்னத்துல அடிக்குது?"

"இடது."

"அதான் கடலு. நம்ம கடலுதான், இங்க வரிக்கும் வந்து கீது. போறப்ப இடது கன்னம், வர்றப்ப வலது கன்னம். இத யாரும் மாத்த முடியாது."

கோயிலுக்குள் போய் உட்கார்ந்தோம். நான் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ என் முழங்கையைத் தொட்டாய். "இன்னா ஒசரம் யக்கா இது. கூர எங்கயோ மேல கீது," என்றாய். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீ இருமினது திரும்பி வர நேரமாச்சி." முப்பது வருடம் கண்ணோடு அந்தக் கோயிலுக்குப் போனவள் நான். அதன் உயரத்தை அன்றுதான் கேட்டேன்.

என்ன வேண்டிக்கொண்டாய் என்று வெளியே வந்து கேட்டேன். "உங்க சாமிகிட்ட நான் இன்னாத்த கேக்கறது? இவ ஒண்டியா வருவா, பாத்துக்கன்னு சொல்லிட்டேன்," என்றாய்.

இரண்டாவது தடவை நான் முன்னால் போனேன், நீ பின்னால் வந்தாய். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது தடவை நான் தனியாகக் கிளம்பினேன்.

அன்று நடந்ததை நீ எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். பக்கத்து இருக்கைப் பெண் பேச்சுக் கொடுத்தாள். விரல் கணக்கு தவறி ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். வண்டி போனது. கூட வந்தவர்களின் காலடி ஓசையும் போனது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எந்தப் பக்கம் பிளாட்பார விளிம்பு என்று தெரியவில்லை. உன்னைக் கூப்பிட்டேன்.

"எங்க கீற?"

"தெர்ல."

"மெர்சலாவாத. காலுக்குக் கீய தர கீதா?"

"கீது."

"அப்ப ஒன்னும் ஆவல. வாயத் தொறந்து கேளு. நான் வெக்கறேன்."

வைத்துவிட்டாய். என் வாழ்க்கையில் யார்மேலும் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. அந்த ஆத்திரத்திலேயே உரக்கக் கத்தினேன். "யாராவது கீறீங்களா? இது எந்த ஸ்டேஷனு?"

தூரத்தில் துடைப்பச் சத்தம் நின்றது. "திருவல்லிக்கேணிமா. அங்கயே நில்லு, நவுறாத, அடுத்த வண்டில ஏத்தி வுட்றேன்," என்றாள் ஒரு பெண். வந்தாள். எனக்குக் கையை நீட்டினாள். நான் தோளைக் கேட்டேன்.

கோயில் வாசலில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"எங்க கீற?"

"சாந்தோம் கோயில்ல."

"யாரு கூட?"

"யாரும் இல்ல."

அவன் பக்கம் கிரேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அங்கயே இரு. பர்மிஷன் சொல்லிட்டு வண்டிய எட்துனு வர்றேன்," என்றான்.

"வாணாண்ணா. வந்த வயிலயே வந்துர்றேன்."

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். தொண்டையைக் கனைத்தான், அதில் தெரிந்துகொண்டேன். என் கையைப் பிடிக்கவில்லை. வீடு வரைக்கும் பக்கத்தில் நடந்து வந்தான். வாசலில், "சாப்ட்டியா?" என்று கேட்டான். அவ்வளவுதான். அந்த விடுதிப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை.

ஐந்து வருடம் ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் போய் வந்துகொண்டிருக்கிறேன். நடுவில் கொஞ்ச காலம் கடற்கரையிலிருந்து பறக்கும் ரயில் ஓடவில்லை. அப்போது பஸ் மாறிப் போகப் பழகினேன். நீ சில நேரம் கூட வருவாய், பல நேரம் வர மாட்டாய். வியாபாரம் இருக்கும்.

போன ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருமுறை கூப்பிட்டு, "இங்க ஃபேன் சத்தம் தாங்க முடில யக்கா," என்றாய். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு.

உன் பதினாறாம் நாளுக்கு முகத்துவாரக்குப்பம் வந்தேன். உன்னோடு அதே வண்டிகளில் கடலை மிட்டாய் விற்பாரே, அவர் வந்திருந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. இருவரும் பந்தலுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் யார் என்று சொன்னதும், "ஓ, சாந்தோம் அக்காவா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா. உங்களுக்காவ அது பட்ட பாடு எங்களுக்குத்தான தெரியும். மூணு நாளு வியாபாரத்த வுட்டுட்டு அந்தப் பறக்கும் ரயில்லயே திரிஞ்சிச்சி. மொத நாளு எறங்கத் தெரியாம வேளச்சேரி வரிக்கும் பூட்ச்சி. ரெண்டாவது நாளு படில வியுந்து மொயங்கால பேத்துக்கிச்சி. மூணாவது நாளுதான் கோயில் வாசலத் தொட்டுட்டு வந்துச்சி."

எனக்குப் புரியவில்லை. "அவளுக்குத்தான் அந்த வழி அத்துப்படியாச்சே," என்றேன்.

"யாருக்கு? பீச்சு ஸ்டேஷனத் தாண்டி அது அந்தப் பக்கம் போனதே இல்ல. உங்களுக்கோசரம்தான் போச்சி."

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொல்லிருந்தா நீங்க கூடப் போயிருப்பீங்களா?"

போயிருக்க மாட்டேன். வழி தெரியாத ஒருத்தியின் பின்னால், என்னைப் போலவே கண் தெரியாத ஒருத்தியின் பின்னால், ஒரு படிகூட ஏறியிருக்க மாட்டேன். இந்நேரம் ஊருக்கு வெளியே அந்த விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். அன்று உன் தோளில் கை வைத்து வந்தபோது அந்தத் தோள் ஒருமுறைகூடத் தயங்கவில்லை. உன் முழங்காலில் கட்டு இருந்திருக்க வேண்டும். பாதை உன் பிறந்த வீட்டு முற்றம் போல நீ நடந்தாய். உனக்கு எப்போதும் எல்லாம் தெரியும் என்று நினைத்து உன்னை வியந்தவள் நான். உனக்குத் தெரியாது என்று தெரிந்த பிறகு வியப்பு பல மடங்கு ஆகிவிட்டது. மூன்று நாள் தனியாகத் தொலைந்து, விழுந்து, எழுந்து, அதில் ஒரு சொல்லைக்கூட என் காதில் போடாமல் இருந்திருக்கிறாய். கோயிலுக்குள் கூரையின் உயரத்தைக் கேட்டு வியந்தாயே, அது மட்டும் நடிப்பில்லை என்று நம்புகிறேன். முந்தைய முறை நீ வாசலோடு திரும்பிவிட்டாயாம்.

இப்போது ஒரு செய்தி. அண்ணன் மகளுக்கு வேலை கிடைத்தால் பரங்கிமலைக் கோயில் படியை நடந்து ஏறுவதாக அண்ணி வேண்டிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. அண்ணனுக்குத் தொடர்ந்து ஷிஃப்ட், மகளும் புது வேலையில் லீவு கேட்க முடியாது. அண்ணி ராயபுரம், வண்ணாரப்பேட்டை, எண்ணூர் தவிர எங்கும் தனியாகப் போனவள் இல்லை. இன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ கூட வர்றியா? அந்த மலைக்கு எப்டி போறது, எங்க ஏறி எறங்கறதுன்னு உனுக்கு வயி தெரியுமா?"

நான் அந்தப் பக்கமே போனதில்லை. ரயில் எது, இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், படி எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியாது.

"அத்துப்படி," என்றேன். "ஞாயித்துக்கெயம போலாம் அண்ணி. நாளைக்கு வாணாம், வேல கீது."

நாளைக் காலை எட்டு மணி வண்டிக்கு நான் மட்டும் கிளம்புகிறேன்.